புதுப்பிப்பு: ஊதாவான என் ஜூனிப்பர் சாகவில்லை

நட்ட முதல் வருஷமே, தரையோடு படரும் என் ஜூனிப்பர் புதர் ஊதாவாகிறதே, போய்விட்டதா என்று குளிர்காலத்தில் புலம்பியிருந்தேன். பெயர்ச்சீட்டும் தொலைந்திருந்ததால் எந்த வகை என்றும் தெரியவில்லை. இப்போது வெயில் ஏறியதும் மறுபடி நீலப்பச்சை! குளிரில் நிறம் மாறுவது அதன் குணம். பயந்துபோய்த் தண்ணீராக ஊற்றியதுதான் நான் செய்த தப்பு. அதற்கு வேண்டியது நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும்தான்.

"இது சாதாரண ஜூனிப்பர், கம்யூனிஸ் (Juniperus communis) என்ற இனம்" என்று சிலர் சொன்னீர்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கம்யூனிஸில் எல்லாமே ஊசியிலை. மூன்று மூன்றாக நிற்கும், உள்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். என்னுடையதில் முதிர்ந்த கிளைகளில் இலை செதில் செதிலாக, எதிரெதிர் ஜோடியாய்த் தண்டோடு ஒட்டியிருக்கிறது. இளங்கிளைகளில் மட்டும் கொஞ்சம் ஊசி, குழப்பியது அதுதான். மண்ணில் கிடந்த கிளையைத் தூக்கினேன், வரவில்லை. அடியில் வேர் விட்டிருக்கிறது! ஆக, இது ஹாரிசாண்டாலிஸ் (Juniperus horizontalis) என்ற படரும் ஜூனிப்பர் இனம். வட அமெரிக்காவின் சொந்தச் செடி, 30 செ.மீ. உயரம் தாண்டுவதே அபூர்வம்.

ஒரு ஓரத்தைப் பச்சையில்லாத பழைய கட்டைவரை வெட்டித் தொலைத்தேன். அங்கே இனி துளிர்க்காது. வேர்விட்ட அந்தக் கிளையை நறுக்கி அந்த வழுக்கையில் நட்டிருக்கிறேன்.

காய் பற்றிக் கேட்டவருக்கு: இன்னும் இல்லை. ஆண், பெண் தனித்தனிச் செடி. என்னுடையது எதுவென்று காத்திருக்கிறேன்.