ஈராக்கை அமெரிக்கா ஆக்கிரமித்த பிறகு ஈரானுடனான பகை என்ன ஆனது?

கேள்வி:
1980 செப்டம்பர் முதல் 1988 ஆகஸ்ட் வரை எட்டாண்டுகள் போரிட்ட ஈராக்கும் ஈரானும், 2003-இல் பாக்தாத் அமெரிக்கப் படையிடம் வீழ்ந்த சில ஆண்டுகளுக்குள் எப்படி நெருங்கின என்பது எனக்கு விளங்கவில்லை. ஈரானைப் பகையாகக் கருதும் வல்லரசு ஈராக்கில் படையோடு அமர்ந்திருக்கையில், பழைய பகை முற்றியல்லவா இருக்க வேண்டும்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1:
அந்தப் பகையைக் கட்டிக்காத்த அமைப்புகளைத் தகர்த்ததே ஆக்கிரமிப்பு நிர்வாகம்தான் நண்பரே. 2003 மே மாதத்தில் அந்நிர்வாகத்தின் தலைவரான அமெரிக்கர் பால் பிரெமர் பிறப்பித்த முதல் ஆணை, அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சி மேல்மட்டத்தினரைப் பதவிகளிலிருந்து விலக்கியது. இரண்டாவது ஆணை ராணுவத்தையே கலைத்தது. ஈரானோடு நேருக்கு நேர் மோதிய அதிகாரிகள் ஒரே மாதத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தை, சதாமுக்கு அஞ்சி நாடு கடந்து ஈரானில் பல ஆண்டுகள் அடைக்கலம் பெற்றிருந்த, ஈரானியரைப் போலவே இஸ்லாத்தின் ஷியா பிரிவைச் சேர்ந்த கட்சியினர் நிரப்பினார்கள். 2005 தேர்தலுக்குப் பின் பிரதமரான இப்ராஹிம் அல் ஜாஃபரி, அவ்வாண்டு ஜூலையிலேயே தெஹ்ரான் சென்றார்.

பாஸ்ராவில் ஷத் அல் அரபு ஆற்றங்கரையில், போரில் மாண்ட அதிகாரிகளுக்குச் சதாம் சிலைகள் எழுப்பியிருந்தார். ஒவ்வொரு சிலையும் ஈரான் இருக்கும் திசையை நோக்கிக் கை நீட்டி நிற்கும். படையெடுப்புக்குப் பின் அவை பீடத்திலிருந்து பெயர்த்து வீழ்த்தப்பட்டன.

மறுமொழி 2:
மேலே சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் அடைக்கலம் தந்த நன்றிக்கடன் மட்டுமே காரணம் என்றால், ஈராக்கியத் தலைவர்களை வெறும் பொம்மைகளாக்கிவிடுவோம். அமெரிக்கா என்றேனும் புறப்பட்டுவிடும், ஈரானோ 1,400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட எல்லையோடு பக்கத்திலேயே இருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். 2008 மார்ச்சில் அன்றைய ஈரானிய அதிபர் அகமதிநெஜாத் பாக்தாத் வந்ததை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க அதிபர் புஷ் முன்னறிவிப்பின்றி வந்துபோன நாட்டுக்கு, அவர் முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்து, விமான நிலையத்திலிருந்து சாலை வழியாகவே ஊருக்குள் சென்றார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட படை உடன்பாட்டில், ஈராக்கின் நிலமோ கடலோ வானோ பிற நாடுகளைத் தாக்கப் பயன்படக் கூடாது என்ற விதியையும் ஈராக் சேர்க்கச் செய்தது. அந்த விதி ஈரானை மனத்தில் கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

மறுமொழி 3:
அரசுகள் நெருங்கியதைப் பற்றியே இருவரும் எழுதியிருக்கிறீர்கள்; மக்களை மறந்துவிடக் கூடாது. எல்லையில் நடந்த போட்டி ஈராக்கின் தெருக்களுக்குள் வந்துவிட்டது என்பதே என் எண்ணம். ஈரான் ஆயுதம் தந்த குழுக்கள் அமெரிக்கப் படையைத் தாக்கின. இடையில் அகப்பட்டு மடிந்தவர்கள் ஈராக்கியப் பொதுமக்கள். 2011 டிசம்பரில் அமெரிக்கப் படை வெளியேறிய பின்னும் அக்குழுக்கள் கலையவில்லை. 2019 நவம்பரில் நஜஃபில் ஈரானியத் துணைத் தூதரகத்துக்குத் தீ வைத்து, ஈரான் வெளியேற வேண்டும் என்று முழங்கியவர்கள் சதாமின் ஆட்கள் அல்லர். அந்த ஷியா புனித நகரத்தில் வேலையும் நேர்மையான ஆட்சியும் கேட்டுத் தெருவுக்கு வந்த இளைஞர்கள்.