பட்டர் சிக்கன்: தில்லியில் உண்டவர்களும் வீட்டில் சமைத்தவர்களும்

தில்லிவாசி:
தில்லியின் தரியாகஞ்ச் பகுதியில் ஒரு சிறிய உணவகத்தில் சமையலறைக்கு நேரெதிரே இடம் கிடைத்தது; அன்று கண்டது இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. தந்தூர் அடுப்பிலிருந்து கம்பியோடு எடுத்த கோழியின் ஓரங்கள் கருகியிருந்தன. சமையற்காரர் அந்தக் கருகலைச் சுரண்டாமல், எலும்போடு வெட்டித் தக்காளி கிரேவியில் போட்டார். வெட்டிய பலகையில் தேங்கிய சாற்றையும் வழித்து ஊற்றினார். முதல் வாயில் புளிப்பு, அடுத்துப் புகை வாசம், அதன் பிறகே வெண்ணெய். சென்னையில் அதே பெயரில் சர்க்கரைப் பாகு போல ஒன்றைத் தருகிறார்களே, அந்தப் புளிப்பு எங்கே போயிற்று?

மீனாட்சி அக்கா:
தம்பி, இனிப்பை மட்டும் குறை சொல்வது சரியன்று. லாஜ்பத் நகரில் எங்கள் மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் சிட்டிகைச் சர்க்கரை சேர்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் தக்காளியை அரைத்து, வடிகட்டி, எண்ணெய் பிரியும் வரை வற்ற விட்ட பிறகுதான் சர்க்கரை டப்பாவைத் திறப்பார்.

செய்ய விரும்புவோர் இப்படிச் செய்யுங்கள். அரைக் கிலோ கோழிக்கு எலுமிச்சைச் சாறு, உப்பு, காஷ்மீரி மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு நீர் வடித்த தயிர், கரம் மசாலா, சிறிது கடுகெண்ணெய் சேர்த்துக் குறைந்தது நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊற விடுங்கள். தயிர் நீர்த்திருந்தால் மசாலா கோழியில் ஒட்டாமல் வழிந்துவிடும். ஓவனில் 230 டிகிரியில் ஓரம் கருகும் வரை சுடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் இரும்புக் கல்லில் வாட்டலாம். கிரேவிக்கு முக்கால் கிலோ தக்காளியை ஏலக்காய், இஞ்சி, பூண்டு, ஒரு கைப்பிடி முந்திரியோடு வேக வைத்து அரைத்து வடிகட்டி, 75 கிராம் வெண்ணெயில் வற்ற விடுங்கள். கோழியைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதித்ததும் தீயை நன்றாகக் குறைத்துவிட்டு 100 மில்லி கிரீம் ஊற்றுங்கள். கடையில் கிடைக்கும் பாக்கெட் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம் அளவில்தான் இருக்கும். கொதிக்கும் புளிப்பில் ஊற்றினால் திரிந்துவிடும்.

கரோல்பாக் சுப்பு:
அக்கா, முந்திரி எதற்கு? தக்காளி முறையாக வற்றினால் கிரேவி தானாகவே கெட்டிப்படும்; முந்திரி அதன் புளிப்பை மழுங்கடித்துவிடும். பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி ஆகியோர் கூட்டாளிகளோடு 1947-இல் தரியாகஞ்சில் நடத்திய மோத்தி மஹால்தான் இந்த உணவின் பிறப்பிடம் என்பார்கள். காய்ந்துபோகும் தந்தூரிக் கோழியை வீணாக்காமல் தக்காளியும் வெண்ணெயும் சேர்ந்த சாற்றில் போட்டதாகவே கதை. முதலில் செய்தவர் யார் என்று இரு குடும்பத்தாரும் 2024-இல் தில்லி உயர் நீதிமன்றம் வரை சென்றுவிட்டார்கள். என் அனுபவம் சிறியதுதான்: கஸூரி மேத்தியை, அதாவது உலர்ந்த வெந்தயக் கீரையை, வெறும் தவாவில் லேசாகச் சூடாக்கி, ஒரு தாபாக்காரர் என் தட்டின் மேலேயே உள்ளங்கைகளால் கசக்கித் தூவினார். அந்த வாசத்தைத் தேடி இன்றும் கடை கடையாக அலைகிறேன்.

ஹோட்டல் சமையற்காரர்:
தில்லிவாசியின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் புளிப்பும் புகை வாசமுமாக, தேன் சேர்க்காமல்தான் பட்டர் சிக்கன் செய்து வந்தேன். ஓர் ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தோடு வந்த ஒருவர் பெரிய கிண்ணத்தைத் தொட்ட கையோடு திருப்பி அனுப்பினார், "தக்காளித் தொக்கா இது?" என்று அவர் கேட்டது சமையலறை வரை கேட்டது. அன்று மாலையே மேலாளர் தேன் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பனீருக்கும் அதே கிரேவிதான் என்பதால் எல்லாமே இனிப்பாகிவிட்டது. தேனையும் கிரீமையும் கடைசியில்தான் சேர்க்கிறோம். ஆர்டர் கொடுக்கும்போதே புளிப்பாக வேண்டும் என்று சொன்னால், உங்கள் பங்கைத் தனியாக எடுத்து வைப்பதில் எந்தச் சிரமமும் இல்லை. வீட்டில் செய்பவர்கள் பெங்களூர் தக்காளியோடு பாதிக்குப் பாதி நாட்டுத் தக்காளி சேருங்கள்.