பூகிஸ் சமூகத்தின் பிஸ்ஸுகள் அருகிப்போனதற்கு இஸ்லாம்தான் காரணமா?

மதிவாணன் கேட்டது:
இந்தோனேசியாவின் தென் சுலாவேசியில் வாழும் பூகிஸ் மக்கள் ஐந்து பாலினங்களை ஏற்றவர்கள் என்று படித்தேன். அவர்களுள் பிஸ்ஸு எனப்படும் பூசாரிகள் அரசவையில் செல்வாக்குடன் இருந்து, பின்னர் அருகிப்போனதாகவும் தெரிகிறது. அம்மக்கள் இஸ்லாத்தைத் தழுவியதுதான் இதற்குக் காரணமா?

தேன்மொழி:
காலவரிசை அப்படிச் சொல்லவில்லை, ஐயா. பூகிஸ்களின் போனே அரசு 1611-லேயே இஸ்லாத்தை ஏற்றுவிட்டது. அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிஸ்ஸுகள் அரண்மனைகளில் பணியாற்றினார்கள். அராஜாங் என்னும் அரச சின்னங்களைக் காப்பதும் சடங்குகளை நடத்துவதும் அவர்கள் பொறுப்பு. ஆண்மையும் பெண்மையும் ஓருடலில் கூடியவராலேயே தேவர்களுடன் பேச முடியும் என்பது நம்பிக்கை. அருள் வந்த நிலையில் குறுவாளைத் தொண்டையில் அழுத்துவார்கள், அது உள்ளே இறங்காவிட்டால் தெய்வம் வந்துவிட்டது என்று பொருள். 1950-களில் சிற்றரசுகள் மறைந்தபோது அவர்களைத் தாங்கி நின்ற புரவலர் இல்லாமல் போனார். அதே காலத்தில் இஸ்லாமிய அரசு கோரிக் கிளர்ச்சி செய்த கஹார் முஸக்காரின் படையினர் அவர்களை வேட்டையாடி, சடங்குப் பொருள்களை அழித்தனர். கிளர்ச்சியின் கொடுமையே அதிகம் எழுதப்படுகிறது. ஆனால் புரவலரை இழந்ததே ஆழமான அடி என்பது என் கருத்து.

இளங்கோ:
தேன்மொழி அவர்கள் சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஆண், பெண், ஆணாய்ப் பிறந்து பெண்போல் வாழும் சலபாய், பெண்ணாய்ப் பிறந்து ஆண்போல் வாழும் சலலாய், பிஸ்ஸு என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைப்பது பாதி உண்மைதான்; ஏனெனில் பிஸ்ஸு என்பது தீட்சை பெற்று ஏற்கும் பதவியும் ஆகும். பிஸ்ஸுவுக்குக் கிடைத்த மரியாதை சலபாய்க்கு அப்படியே கிடைத்ததில்லை. மணப்பெண் அலங்காரம் முதல் விருந்து வரை திருமண வேலைகளுக்கு அவர்களைத் தேடி அழைக்கும் குடும்பங்களே, தம் மகன் அப்படி வாழ்வதை விரும்புவதில்லை. சலலாய்களைப் பற்றியோ எழுதியவர்களே குறைவு. கடந்தகாலத்தைப் பொற்காலமாக்கும் கட்டுரைகள் இதையெல்லாம் தொடுவதில்லை.

கயல்விழி:
பிஸ்ஸுகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பங்கெப் மாவட்டத்துச் செகேரியில் நெல் நடவுக்கு முன் மப்பலிலி என்னும் சடங்கை இன்றும் அவர்களே நடத்துகிறார்கள். அவ்வூரின் அராஜாங் வாளோ முடியோ அன்று, ஒரு பழைய ஏர். அதை வெளியே எடுத்து ஊர்வலமாகக் கொண்டுசென்ற பிறகே உழவு தொடங்கும்.