மறு: வேர்–தண்டு விகிதமா, வேர்–அங்குர விகிதமா?

> 'வேர்–தண்டு விகிதம்' என்றே எழுதலாமே. எல்லாருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா,

ஆங்கிலத்தில் root–shoot ratio என்பதற்கு, அதாவது செடியின் வேரின் நிறையை அதன் மேற்பகுதியின் நிறையோடு ஒப்பிடும் கணக்குக்கு, நீங்கள் சொன்ன சொல் புரியும்தான், ஆனால் பிழையாகப் புரியும். மரக்கன்றுக்கு அந்தச் சொல் ஓரளவு ஒப்பேறும், புல்லுக்கு இடிக்கிறது. ஓர் அறுகைக் கெல்லிப் பாருங்கள். நிமிர்ந்து நிற்பது பெரும்பாலும் இலைதான். தண்டு தரையோடு ஓடுகிறது, அதுதான் 'ஓடி'. இன்னொரு தண்டு மண்ணுக்குள்ளே கிடையாகப் போகிறது, பார்வைக்கு வேர் மாதிரி. ஆனால் கணுவும் செதிலிலையும் காட்டிக்கொடுத்துவிடும். மண்ணைக் கழுவி, உலர்த்தி, நிறுக்கும்போது மாணவர் இதை எந்தத் தட்டில் போடுவார்?

பசளை (உர) ஆய்வில் முடிவே இந்த விகிதத்தில்தான் தொங்குகிறது. யூரியாவைக் கூட்டக் கூட்ட, இலை தயாரிக்கும் உணவு புதிய இலைக்கே செலவாகி, வேருக்குப் போகும் பங்கு குறைகிறது. வேரின் உலர்நிறை சற்றுக் கூடினாலும்கூட, மேற்பகுதி அதைவிட வேகமாகப் பெருத்தால் விகிதம் விழும். மேலே பச்சைப்பசேல், கீழே கட்டை வேர். எங்கள் மட்டக்களப்புக் கரையோர மணலில் தண்ணீர் நிற்காது. யூரியாவிலிருந்து மண்ணில் உண்டாகும் நைத்திரேற்றும் (நைட்ரேட்) மாரி மழையோடு கீழே இறங்கிவிடும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் முதலில் கருகுவது அந்தக் கட்டை வேர்ப் புல்தான்.

ஆகவே என் தெரிவு 'வேர்–அங்குர விகிதம்'. இலங்கைப் பாடநூல்களில் அங்குரம் ஏற்கெனவே புழங்குகிறது. இலை, தண்டு, ஓடி எல்லாம் அதில் அடங்கும். நிலக்கீழ்த் தண்டை வேரோடு சேர்க்காமல் தனியே நிறுத்துக் குறிக்கட்டும். வடசொல் என்பீர்கள். போதாததற்கு, எங்கள் பக்கம் அங்குரார்ப்பணம் என்றாலே நாடா வெட்டும் விழாதான் நினைவுக்கு வரும்! 'தளிர்' அழகான சொல்தான், ஆனால் முற்றின இலையை எப்படித் தளிர் என்பது?

ஆய்வுத் தலைப்பில் உள்ள மற்றச் சொல், 'புற்றரைப்புல்' (புல்தரைக்கென வளர்க்கும் புல்), நாக்கில் தடக்குகிறது. 'தரவைப்புல்' எப்படி? மாடு மேயும் வெளியை இங்கே தரவை என்போம். (தரவுக்கு இரண்டாம் வேற்றுமை என்று யாரும் மயங்கிவிடாதீர்கள்.) மேய மேயத் தழைக்கும் புல்தான் அங்கே நிலைக்கும், வளரும் நுனி மண்ணோடு ஒட்டியிருப்பதால் மாட்டின் வாய்க்கு எட்டாது. புல்வெட்டும் இயந்திரத்தைத் தாங்குவதும் அதே குணத்தால்தான். அறுகுக்கும் பொருந்தும், ஜொய்சியாப் புல்லுக்கும் பொருந்தும்.

தமிழகத்து நண்பர்களுக்குத் தரவை விளங்குமா, சொல்லுங்கள். விளங்காவிட்டால் புற்றரைப்புல்லையே வைத்துக்கொள்வோம். விகிதத்தில் மட்டும் தண்டு வேண்டாம்.