ஒரே கர்னல், ஒரே சோதனை, ஆனால் எண் மட்டும் மாறுகிறது

கேள்வி (நள்ளிரவு_டெர்மினல்)
லினக்ஸ் கர்னல் 6.6-ல் ஷெட்யூலர் (எந்தப் புரோசஸ் எப்போது எந்தக் கோரில் ஓடும் என்று முடிவு செய்யும் பகுதி) சிஎஃப்எஸ் என்ற பழைய முறையிலிருந்து இஇவிடிஎஃப் என்ற புதிய முறைக்கு மாறியதே, அதன் விளைவை ஹேக்பெஞ்ச் என்ற ஷெட்யூலர் சோதனை நிரலை வைத்துப் பார்க்க வேண்டும். லேப்டாப்பில் 6.1, 6.6 இரண்டும் இருக்கின்றன. டாஸ்க்செட் கட்டளை போட்டு 2, 3-ஆம் கோர்களில் மட்டும் ஓட்டினால், ஒரே கர்னலிலேயே 4.1 நொடி, 4.9 நொடி என்று ஆடுகிறது. ஐசோல்சிபியூஸ் (சில கோர்களைத் தனியே ஒதுக்கும் பூட் அமைப்பு) சேர்த்தால் ஆட்டம் குறையும் என்று பார்த்தால் 8 நொடி தாண்டிவிட்டது. எங்கே தப்பு?

பதில் (பைப்லைன்)
8 நொடிக்குக் காரணம் ஐசோல்சிபியூஸேதான். அதில் ஒதுக்கிய கோர்களுக்கிடையே ஷெட்யூலர் சுமையைப் பங்கிடாது. இரண்டு கோர் கொடுத்தாலும் எல்லாப் புரோசஸும் ஒன்றிலேயே குவிந்து கிடக்கும். கோர்களின் சுமையைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்தால் ஒரு பட்டை நிரம்பியும் பக்கத்துப் பட்டை காலியாகவும் தெரியும். ஒற்றை த்ரெட் சோதனைக்கு அது சரி. அளக்கப் போவதே ஷெட்யூலரை என்றால் எடுத்துவிடுங்கள்.

ஆட்டத்துக்கு முதல் சந்தேகம் டர்போ, அதாவது சிபியூ தானே வேகத்தைக் கூட்டிக்கொள்வது. சிபியூ வேகத்தைக் கவனிப்பது இன்டெல்_பிஸ்டேட் டிரைவர் என்றால் நோ_டர்போ கோப்பில் 1 எழுத வேண்டும். ஏசிபிஐ டிரைவர் என்றால் பூஸ்ட் கோப்பில் 0. தலைகீழ், பார்த்துச் செய்யுங்கள். கவர்னரை (சிபியூ வேகத்தைத் தேர்வு செய்யும் அமைப்பு) பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள், எஸ்எம்டியை (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) அணையுங்கள், சார்ஜர் செருகியே இருக்கட்டும். இவை எதுவும் ரீபூட்டுக்குப் பின் நிற்காது. கர்னல் மாற்ற ரீபூட் செய்தே ஆக வேண்டும் என்பதால், ஸ்கிரிப்டில் போடாவிட்டால் ஒரு கர்னல் டர்போ இல்லாமலும் மற்றது டர்போவோடும் ஓடும்.

பதில் (பழைய_மேக்ஃபைல்)
6.6 நீங்களே பில்ட் செய்ததா? லாக்டெப், கேஏசான் (பிழை தேட உதவும், ஆனால் கர்னலை மெதுவாக்கும் வசதிகள்) இரண்டில் ஒன்று ஆனாகி இருந்தாலே ஒப்பீடு வீண். ஒரே கான்ஃபிக்கை (பில்ட் அமைப்புக் கோப்பு) எடுத்து, அதை அந்தந்தப் பதிப்புக்கு ஏற்ப நிரப்பும் ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டி, இரண்டையும் ஒரே ஜிசிசி கம்பைலரில் கட்டுங்கள். 6.1-ம் வேண்டாம், 6.5 போதும். சிஎஃப்எஸ் கடைசியாக இருந்தது அதில்தான். நடுவில் நுழைந்த மற்ற மாற்றங்களும் குறையும்.

பதில் (மீடியன்)
ஒரே பூட்டில் நூறு முறை ஓட்டிப் பயனில்லை. கேஏஎஸ்எல்ஆர் என்ற பாதுகாப்பு வசதியால் கர்னலின் நினைவக முகவரி பூட்டுக்குப் பூட்டு மாறும், அதோடு கேஷ் நடத்தையும் மாறலாம். பழையது, புதியது, புதியது, பழையது என்று மாற்றி மாற்றி 8 பூட். ஒவ்வொன்றிலும் 10 ஓட்டம், முதல் ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மீடியன் (நடு மதிப்பு) எடுங்கள்.

அதற்கும் முன்னால் 6.5-ஐ 6.5-உடனேயே இப்படி ஒப்பிடுங்கள். அங்கேயே 3% வித்தியாசம் வந்தால், 6.6-ல் 2% கிடைத்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

நள்ளிரவு_டெர்மினல்
6.6-ல் லாக்டெப் ஆனில்தான் இருந்தது. 6.5-ஓடு சேர்த்து மறுபடி பில்ட் போடுகிறேன்.