மிஷூன் குடைதல்: தீ விளிம்பைத் தின்னாமல் காப்பது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவின் தென்கிழக்கு மாசசூசெட்ஸில் வாழும் வாம்பனோக் பழங்குடி மக்கள் ஒற்றை மரத்தைத் தீயால் குடைந்து செய்யும் தோணி மிஷூன். மேலே தீ மூட்டிக் கரியைச் சுரண்டுவது வரை புரிகிறது. தீ பக்கவாட்டில் பரவாமல் எப்படி நிறுத்துகிறார்கள்? காய்ந்த பைன் ஆகுமா?

பதில் 1:
காய்ந்த மரம் வேண்டாம். அதில் ஏற்கெனவே வெடிப்பு இருக்கும், நெருப்பு அதன் வழியே இறங்கிவிடும். பச்சை மரத்தின் ஈரம்தான் முதல் காவல்.

பட்டையை உரித்து மேல்பக்கத்தைத் தட்டையாக்கியபின், விளிம்பு நெடுகவும் இரு முனைகளிலும் ஈரக் களிமண்ணைக் கனமாக அப்புங்கள். சூட்டில் அது பிளக்கும். பிளவு தெரிந்ததும் தண்ணீர் தெளித்துத் திரும்பப் பூச வேண்டும். விளிம்பு கெடுவது பெரும்பாலும் இதில் அசந்துபோவதால்தான்.

தீயைப் பல இடங்களில் சிறுசிறு தணலாக வையுங்கள். கரியானதும் தணலை ஒதுக்கி, குவாஹாக் சிப்பி ஓட்டால் நல்ல மரம் தெரியும்வரை சுரண்டுங்கள். கரியின் மேலேயே மறுபடி தீ போட்டால் அது போர்வைபோல் மூடிக்கொண்டு வெப்பத்தைக் கீழே விடாது.

பதில் 2:
பைனில் கணுக்களைக் கவனியுங்கள். அங்கே பிசின் செறிந்திருப்பதால் உக்கிரமாக எரிந்து ஓட்டை விழும். கணுவின் மேல் தனியாகக் களிமண் வையுங்கள். காற்றடித்தால் தீ ஒரு பக்கமே சாய்ந்து அந்தச் சுவர் மெலியும். மாலையில் வேலையை நிறுத்தும்போது கரியைச் சுரண்டித் தண்ணீர் ஊற்றாமல் போகக் கூடாது, உள்ளே கனல் கிடக்கும்.

கேள்வி கேட்டவர்:
கனம் எவ்வளவு விட வேண்டும்?

பதில் 2:
பக்கச் சுவர் 1 முதல் 2 அங்குலம். அடிப்பாகம் அதைவிடக் கனமாக இருக்கட்டும், கரையில் இழுக்கும்போது தேயும், எடை கீழே இருந்தால் ஆடவும் ஆடாது.

பதில் 3:
மரத்தைப் பற்றி ஒன்று. அண்டை நாரகான்செட் பகுதியில் ஒருவர் தனியாளாக 10, 12 நாளில் செஸ்நட் மரத்தைக் குடைந்து முடித்ததை ரோட் ஐலண்ட் குடியேற்றத்தை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் 1643-இல் பதிவு செய்திருக்கிறார். எளிதில் உளுக்காத மரம் அது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய பூஞ்சை நோய் பெரிய செஸ்நட்களை அழித்துவிட்டது. அதனால்தான் இன்று வெண்பைன்.

முடித்த தோணியை வெயிலில் போட்டால் முனையிலிருந்து வெடிக்கும். குளிர்காலத்தில் உள்ளே கற்களை அடுக்கி ஏரியில் மூழ்கடித்து வைப்பதே பழைய வழக்கம். வூஸ்டர் அருகே குவின்சிகமண்ட் ஏரியின் அடியில் நிப்மக் என்ற இன்னொரு பழங்குடி மக்களின் மிஷூன்கள் அப்படியே கிடைத்திருக்கின்றன.