இரண்டு முள்ளியும் ஓர் உரப்பையும்

கல்லடி

அம்மாவுக்குக் கால் வீக்கம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் எங்களுக்குப் பழக்கமான பரிசாரியார் (நாட்டு வைத்தியர்) ஒருவர், நீர்முள்ளியைச் சமூலமாகக் கொண்டுவரச் சொன்னார். வேர் முதல் பூ வரை எல்லாம் வேண்டும். “ஊதாப் பூ, முள் இருக்கும், தண்ணீர்க் கரையில் நிற்கும்” என்று அடையாளமும் சொல்லித்தான் அனுப்பினார்.

மட்டக்களப்பின் பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் வாவிக்கரையில், உப்புத் தண்ணீரில் வளரும் கண்டல் மரங்களின் காலடியில், இந்த மூன்றும் பொருந்திய செடியை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கத்தியும் உரப்பையுமாகப் போனேன். முழங்கால் வரை சேறு, இரண்டு கையிலும் கீறல். பை நிறைந்ததும் ஏதோ பெரிய காரியம் முடித்தவன் போல மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலம் கடந்து அக்கரைக்குப் போனேன்.

பரிசாரியார் பைக்குள் கையை விடக்கூட இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். “மகன், இது கழுதைமுள்ளி. இதைக் கழுதையும் தின்னாது.” அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சிரிக்கவில்லை.

பிறகு என்னை வட்டைப் பக்கம், அதாவது வயல்வெளிப் பக்கம், கூட்டிப் போனார். வாய்க்கால் ஓரத்தில் நின்றது உண்மையான நீர்முள்ளி. இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தால் எப்படி மாறிப்போனேன் என்றே எனக்கு விளங்கவில்லை. கழுதைமுள்ளிக்கு முள் இலையின் விளிம்பில். இலை தடித்தது, மெழுகு தேய்த்தது போலப் பளபளக்கும். ஓரம் வளைந்து வளைந்து போய் ஒவ்வொரு முனையும் ஊசியாக முடியும். நீர்முள்ளியின் இலை நீளமானது, சாதுவானது, விளிம்பில் முள்ளே கிடையாது. முள் எல்லாம் கணுவில். இலைகளும் பூக்களும் கணுவைச் சுற்றி வட்டமாக நெருங்கி நிற்க, அவற்றுக்கிடையே மஞ்சள் பாரித்த முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கணுவுக்கு ஆறு. எண்ணிப் பார்த்தேன், ஐந்தாவதை எண்ணும்போது ஆறாவது விரலில் ஏறிவிட்டது.

பூவிலும் வித்தியாசம் உண்டு. நீர்முள்ளிப் பூவுக்கு மேலுதடு, கீழுதடு இரண்டும் இருக்கின்றன. கழுதைமுள்ளிக்கு மேலுதடே இல்லை. கீழே நாக்கை நீட்டியது போல அகன்ற ஒரே மடல்தான். இரண்டும் தாவரவியலில் ஒரே குடும்பம் என்று பிறகு படித்தேன். ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உப்புத் தண்ணீருக்கு வாழ்க்கைப்பட்டது, மற்றது நன்னீருக்கு. கழுதைமுள்ளி உறிஞ்சிய உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் ஏறிய பிறகு அதன் இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும். நான் நக்கினேன், பக்கத்தில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

செடியின் பெயர் சொல்லும் கைபேசிச் செயலியைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்காமலா? பூவை மட்டும் கிட்டப் பிடித்து எடுத்த படத்துக்கு அது மூன்று தடவை மூன்று பெயர் சொன்னது. இலையும் தண்டும் தெரிகிற மாதிரி எடுத்துக் கொடுத்த பிறகுதான் அகாந்தஸ் என்று கழுதைமுள்ளியின் தாவரவியல் பெயர் சரியாக வந்தது. அதற்குள் பை நிறைந்திருந்தது என்பது வேறு விஷயம்.

திருக்கோவில்

மேலே எழுதிய கல்லடிக்காரருக்குக் கையில்தான் கீறல். எனக்குப் பிள்ளைகள் முன்னால் மானமே போனது.

நான் ஆசிரியை. பாடசாலைக்குப் பின்னால் உள்ள வெற்றுக்காணியில் கானாவாழை பாய் விரித்தது போலக் கிடக்கும். அதன் நீலப் பூவைக் காட்டுகிறேன் என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்து, கடைசிப் பாடம் முடிந்து பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப் போனேன். ஒரு பூவும் இல்லை. காலையில் நான் கண்ட நீலம் அத்தனையும் உருகி, ஈரப் பஞ்சு மாதிரி உறைக்குள் சுருண்டு கிடந்தது. மத்தியானம் தாண்டினால் கானாவாழைப் பூ நிற்காது என்பது அன்றுதான் தெரியும். அடம்பன் கொடியும் கிட்டத்தட்ட அப்படித்தான். கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் ஆட்டுக் குளம்பு போலப் பிளந்த இலையைத்தான் பார்க்கிறார்கள். அந்த ஊதாப் புனலைப் பார்க்க வெயிலுக்கு முன்னே போக வேண்டும்.

சமாளிக்க வேண்டுமே! பூவைத் தாங்கும் உறையைக் காட்டினேன். படகைப் பாதியாக மடித்தது போன்ற பச்சை உறை. அமுக்கினால் கொழகொழவென்று ஒரு சொட்டு நீர் வரும். பிள்ளைகள் அமுக்கி அமுக்கி விளையாடினார்கள். அதற்குள் ஒரு பையன் செடியை வேரோடு பிடுங்கிவிட்டான். வேருக்குப் பக்கத்தில் வெள்ளையாக, நூல் போன்ற தண்டுகளில் சின்னச் சின்ன முடிச்சுகள். கிழங்கு என்று நினைத்து ஒன்றைப் பிரித்தேன். உள்ளே விதை! இந்தக் கானாவாழை மண்ணுக்கு மேலே நீலமாகப் பூப்பது போதாதென்று மண்ணுக்குள்ளேயும் பூக்கிறது. அந்தப் பூ விரிவதே இல்லை, தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்த்துவிடுகிறது. இதை நான் சொல்லி முடிக்கவும், வயல்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்: “அதுதான் டீச்சர், வாப்பா எத்தனை தரம் களை பிடுங்கினாலும் இது திரும்பத் திரும்ப வருகிறது.”

பாடக்குறிப்பில் நான் எழுதி வைத்திருந்ததைவிட அது நல்ல விளக்கம்.

பொத்துவில்

கார்த்திகை மாதம். மொனராகலையிலிருந்து வந்துகொண்டிருந்த பஸ் லாகுகலைக்குக் கிட்டப் பழுதாகி நின்றது. தெருவோரப் பற்றையில் கார்த்திகைப்பூ. முழங்காலில் குந்திப் பார்த்தால் ஒரே பற்றையில் மஞ்சளும் பச்சையுமாகச் சில, நெருப்புச் சிவப்பாகச் சில. இரண்டு இனம் என்று கொப்பியில் எழுதிவிட்டேன். பிழை. விரியும்போது பச்சை மஞ்சளாக இருப்பதுதான் நாள் போகப் போகச் சிவக்கிறது. ஒவ்வோர் இலையின் நுனியும் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்திருந்ததைக் கவனித்திருந்தால், எல்லாம் ஒரே கொடி என்று அப்போதே தெரிந்திருக்கும். கிழங்கு கொடிய நஞ்சு என்பது மட்டும் சின்ன வயதிலேயே தெரியும், தொடவில்லை.

கொண்டக்டர் கத்தினார்: “தம்பி, பின்னால் பாருங்கள்!” ஐம்பது அடி தள்ளி ஒரு கொம்பன் யானை புல்லைச் சுருட்டித் தின்றுகொண்டிருந்தது. லாகுகலை 1980 முதல் தேசிய பூங்கா. பூ பறிக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் கொப்பியையே விட்டுவிட்டு வந்தவன்.

கல்லடி

அம்மாவுக்கு இப்போது எப்படி என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியிலும் காட்டினோம். மாத்திரையும் நடக்கிறது, கஷாயமும் நடக்கிறது, வீக்கம் இறங்கியிருக்கிறது. அந்த உரப்பைக் கழுதைமுள்ளியை வேலிப் பொத்தலில் அடைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு ஆடு இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை.